அப்பாவின் வாடகை பாக்கியும் கடனும்: முழுவதையும் ஏற்பதா, அவர் விட்டுச் சென்ற அளவுக்குத் தீர்ப்பதா, ஒதுங்கிக்கொள்வதா?

2023ஆம் ஆண்டு மதுரையில் தனியாக வாடகை வீட்டில் குடியிருந்த என் தந்தை மூன்று வார மருத்துவமனை வாசத்துக்குப் பின் காலமானார். கருமாதி முடிவதற்குள்ளாகவே கடன் விவரங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. மாதம் 7,500 ரூபாய் வீதம் ஐந்து மாத வாடகை பாக்கி, ஒரு வங்கியில் தனிநபர் கடன் 1,90,000, புரோநோட்டு எழுதிக்கொடுத்து வாங்கியது வட்டியுடன் 60,000, இரண்டு பவுன் சங்கிலியின் மேல் நகைக்கடன், டீக்கடை நண்பரிடம் வாய்மொழியாக வாங்கிய கைமாற்று 25,000. கோவையில் இருக்கும் எனக்கும் திருச்சியில் இருக்கும் தங்கைக்கும் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. எல்லாவற்றையும் எங்கள் சம்பாத்தியத்திலிருந்தே அடைப்பது ஒன்று; அப்பா விட்டுச்சென்றது எவ்வளவோ அவ்வளவுக்கு மட்டும் அடைப்பது இரண்டாவது; எதையும் எடுத்துக்கொள்ளாமல், எதற்கும் பொறுப்பேற்காமல் ஒதுங்கிக்கொள்வது மூன்றாவது. நாங்கள் இரண்டாவதைத் தேர்ந்தோம். ஆகவே இந்த ஒப்பீடு நடுநிலையானது என்று சொல்லிக்கொள்ள மாட்டேன்.

முதல் வழியை வற்புறுத்தியவர் பெரியப்பா. "ஊரில் நாலு பேர் நம்மைக் கேட்கும்படி வைக்கக் கூடாது" என்பது அவர் வாதம். அதற்குப் பின்னால் நெடிய மரபு உண்டு. தந்தையின் கடனை மகன் தீர்ப்பது சமயக் கடமை என்று பழைய இந்து தர்ம நூல்களான ஸ்மிருதிகள் கூறின. சூது, மது போன்றவற்றுக்குப் பட்ட கடன் அதிலிருந்து விலக்கு. ஆங்கிலேயர் கால நீதிமன்றங்களும் அக்கடமையைச் சட்டக் கடமையாகவே நடத்தின. பம்பாய் மாகாணத்தில் சொத்து ஒன்றும் கிடைக்காத மகனையும் தந்தையின் கடன் பிடித்துக்கொண்டிருந்ததால், 1866ஆம் ஆண்டில் அதற்கென்றே தனிச் சட்டம் இயற்றி, வாரிசின் பொறுப்பைக் கைக்கு வந்த சொத்தின் அளவோடு நிறுத்த வேண்டியிருந்தது. பெரியப்பா அறியாதது, இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005ஆம் ஆண்டுத் திருத்தம். அவ்வாண்டு செப்டம்பர் 9ஆம் நாளுக்குப் பின் பட்ட கடனுக்காக, சமயக் கடமை என்ற ஒரே காரணத்தைக் காட்டி மகன், பேரன், கொள்ளுப்பேரன் மீது வழக்குத் தொடரும் உரிமையை எந்த நீதிமன்றமும் ஏற்கக் கூடாது என்று அதன் 6ஆம் பிரிவு கூறுகிறது. பெண்பிள்ளைக்கும் கூட்டுக்குடும்பச் சொத்தில் சமபங்கு தந்ததும் இதே திருத்தம்தான் என்பதைத் தங்கை அவருக்கு நினைவூட்டினாள். பெரியப்பா அன்று அதற்கு மேல் பேசவில்லை.

முதல் வழியின் நன்மைகள் வெளிப்படையானவை: மன நிம்மதி, ஊர்ப் பேச்சின்மை, ஒரே மாதத்தில் முடிவு. வருமானம் தாராளமாகவும் கடன் சிறிதாகவும் இருந்தால் அதைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. ஆனால் எங்கள் இருவர் வீட்டிலும் பள்ளிப் பிள்ளைகள் இருந்தார்கள்.

மூன்றாவது வழியையும் விரைவாகவே கடந்துவிடலாம். பெற்றோரின் சொத்தில் எதுவும் கைக்கு வராத பிள்ளையிடம் கடன்காரர் கேட்பதற்கு ஒன்றுமில்லை. கடன் மலையளவாகவும் சொத்து கடுகளவாகவும் இருக்கும் இடத்தில் இதுவே அறிவுடைமை. ஆனால் ஒதுங்குகிறவர் உண்மையாகவே ஒதுங்க வேண்டும். அட்வான்ஸை வாங்கிக்கொண்டு, வண்டியை விற்றுக்கொண்டு, கடன் என்று வரும்போது மட்டும் "எனக்குத் தெரியாது" என்பவரைச் சட்டம் ஒதுங்கியவராகக் கொள்ளாது. எங்கள் விஷயத்தில் ஒதுங்கியிருந்தால் மீட்கக்கூடிய சங்கிலி ஏலத்துக்குப் போயிருக்கும். கடன்காரர்களுக்கும் அதனால் நஷ்டமே.

இனி, நாங்கள் தேர்ந்த வழி. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 50ஆம் பிரிவும் 52ஆம் பிரிவும் இதற்கு அடிப்படை. இறந்தவரின் சட்டப் பிரதிநிதி, அதாவது அவர் சொத்து வந்துசேரும் வாரிசு போன்றவர், அவருடைய சொத்தில் தன் கைக்கு வந்து முறையாகச் செலவிடப்படாமல் எஞ்சியிருக்கும் அளவுக்கு மட்டுமே பொறுப்பாவார். கைக்கு வந்ததை முறையாகச் செலவழித்ததாக அவரால் காட்ட முடியாவிட்டால், காட்ட முடியாத தொகைக்குச் சொந்தப் பணத்திலிருந்து பதில் சொல்ல வேண்டிவரும். ஆக, இந்த வழி பாதுகாப்பானது, ஆனால் கணக்கு எழுதுகிறவனுக்கு மட்டும்.

எங்கள் கணக்கைச் சொல்கிறேன். சேமிப்புக் கணக்கில் 41,000, அஞ்சலக வைப்பில் 1,20,000, ஸ்கூட்டர் விற்றது 18,000, நகைக்கடனை அடைத்துச் சங்கிலியை விற்றதில் மிஞ்சியது 34,000. வீட்டு அட்வான்ஸ் 50,000. அதில் வாடகை பாக்கி 37,500, மின்கட்டணத்துக்கும் சில்லறைப் பழுதுக்கும் 3,000 போக 9,500 திரும்பி வந்தது. மொத்தம் 2,22,500. ஈமச்செலவு 38,000. 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம் உயில் நிறைவேற்றுபவருக்கு வகுத்திருக்கும் வரிசையில், நியாயமான ஈமச்செலவும் இறுதி நோய்க்கான மருத்துவச் செலவுமே முதலில் வருகின்றன. மற்றக் கடன்காரர்களுக்கு எஞ்சியதை விகிதப்படி பகிர வேண்டும். எங்களுக்கு உயில் இல்லை என்றாலும் அதே வரிசையைப் பின்பற்றினோம். மருத்துவமனைச் செலவை அப்பா உயிரோடிருந்தபோதே நாங்கள் கொடுத்துவிட்டதால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. எஞ்சிய 1,84,500 ரூபாயைக் கொண்டு வங்கிக்கடன், புரோநோட்டு இரண்டும் சேர்ந்த இரண்டரை லட்சத்தைத் தீர்க்க வேண்டும் (கைமாற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்): ரூபாய்க்கு ஏறத்தாழ 74 காசு. வங்கிக்கு 1,40,000, புரோநோட்டுக்காரருக்கு 44,500 என்று எழுதி, வரவு செலவுப் பட்டியலோடு இருவருக்கும் கொடுத்தோம்.

மூன்று வழிகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு தொகையில் இல்லை, கையெழுத்தில் இருக்கிறது என்பது வங்கியின் வசூல் முகவர் வந்த அன்றுதான் எனக்குப் புரிந்தது. அவர் மிகவும் மரியாதையாகப் பேசினார். "உங்கள் மேல் கேஸ் எதுவும் இல்லை சார், மாதம் 5,000 கட்டுவதாக ஒரு கடிதம் மட்டும் கொடுங்கள்" என்று அச்சிட்ட தாளை நீட்டினார். அப்பா பெயரிலிருந்த கடனை நான் அடைப்பதாக ஒப்புக்கொண்டு, அதற்கு ஈடாக வங்கி அவகாசம் தருவதாக அந்தத் தாளில் இருந்தது. அதில் கையெழுத்திட்டிருந்தால், அப்பாவின் சொத்தோடு நின்றிருக்க வேண்டிய பொறுப்பு என் சம்பளத்துக்குத் தாவ நானே வழிவிட்டிருப்பேன். அவகாசத்துக்கு ஈடாகத் தந்த வாக்குறுதி புதிய ஒப்பந்தமாகவே பார்க்கப்படும். கடன் பழையதாக இருந்தால் இன்னும் கவனம் தேவை. சாதாரணக் கைக்கடனுக்கும் வாடகை பாக்கிக்கும் வழக்குத் தொடரும் காலவரம்பு மூன்று ஆண்டுகள். வரம்பு கடப்பதற்குள் எழுத்து மூலம் கடனை ஒப்புக்கொண்டால் அந்த மூன்று ஆண்டுகள் புதிதாகத் தொடங்கும். வரம்பு கடந்துவிட்ட கடனையும்கூட, அடைப்பதாக எழுதிக் கையெழுத்திட்டால் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு உயிர்ப்பித்துவிடும். ஆகவே பணம் கொடுக்கும்போதெல்லாம் "காலஞ்சென்ற இன்னாரின் சொத்திலிருந்து, அவருடைய சட்டப் பிரதிநிதி என்ற முறையில் மட்டும்" என்ற வரியோடு ரசீது வாங்கினோம். முகவர் நீட்டிய தாளைத் திருப்பிக் கொடுத்து, எங்கள் பட்டியலை அவர் கையில் வைத்தேன். வங்கி உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டு மாதம் அலைக்கழித்தபின் 1,40,000 ரூபாயை ஒரே தவணைத் தீர்வாக ஏற்று நிலுவையில்லைச் சான்றிதழ் தந்தது. எல்லா வங்கிகளும் இப்படி இறங்கிவரும் என்று ஒரே ஒரு அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் தொலைபேசியில் அழைக்கக் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியிருந்ததை ஒருமுறை எடுத்துச் சொன்னபின் இரவு அழைப்புகள் மட்டும் உடனே நின்றன.

இதே கையெழுத்து முன்பே போடப்பட்டிருந்தால் கதை வேறு. பிள்ளை கூட்டுக் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்திட்டிருந்தால் முழுக் கடனும் அவருடையதே. சொத்தளவு என்ற வரம்பு அங்கே செல்லாது. பெற்றோருக்குக் கடன் கொடுக்கும்போது வங்கிகள் பிள்ளையையும் சேர்த்துக்கொள்ள விரும்புவது இதனால்தான். நான் எதிலும் கையெழுத்திடாதது முன்யோசனையால் அல்ல. அப்பா கடன் வாங்கியதையே என்னிடம் சொல்லவில்லை.

வாடகையில் கையெழுத்தின் இடத்தைச் சாவி எடுத்துக்கொள்கிறது. அப்பா இறந்த நாள்வரை உள்ள வாடகை அவருடைய கடன். அதற்குப் பின் வீட்டை நாங்கள் வைத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு மாதமும் எங்கள் கடனாகக் கேட்கப்படும். திவசம் வரை பூட்டி வைக்கலாம் என்று உறவினர்கள் சொன்னார்கள். அப்படிச் செய்திருந்தால் ஓராண்டில் 90,000 ரூபாய் போயிருக்கும். மாத இறுதிக்குள் சாமான்களை அகற்றி, மின்மீட்டர் அளவைப் படமெடுத்து, சாவியை ஒப்படைத்த தேதியை எழுதி வீட்டுக்கார அம்மாவிடம் கையொப்பம் பெற்றோம். அவர் ஒரு மாத வாடகை கூடுதலாகக் கேட்டுப் பார்த்தார்; ஐந்து மாதம் பொறுத்திருந்தவரிடம் சட்டம் பேசத் தங்கைக்கு மனம் வரவில்லை, வீட்டுக்கு வெள்ளையடிக்க 2,000 ரூபாயைத் தன் கையிலிருந்து கொடுத்தாள்.

இறந்தவர் பெயரில் வரும் எல்லாப் பணமும் கடன்காரருக்குப் போக வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். என் சக ஊழியர் ஒருவர், பணியிலிருந்தபோதே இறந்துபோன தன் தந்தையின் வருங்கால வைப்பு நிதியை எடுத்துக் கடன்காரர்களுக்குக் கொடுத்துத் தீர்த்தார். அப்போது நடப்பிலிருந்த 1952ஆம் ஆண்டு வைப்பு நிதிச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி நியமனதாரருக்கு (நாமினிக்கு) வரும் அந்தத் தொகையை இறந்தவரின் கடன் தொட முடியாது என்பது பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. திருமணமான பெண்கள் சொத்துச் சட்டத்தின் கீழ் மனைவி மக்களுக்காக எடுத்த ஆயுள் காப்பீட்டுத் தொகைக்கும் இத்தகைய பாதுகாப்பு உண்டு. வீட்டின் மேல் அடமானக் கடன் இருந்தால் நிலைமை மாறும்; கடன் வீட்டோடு ஒட்டிக்கொண்டே வரும். எங்களுக்குச் சொந்த வீடு இல்லாததால் அதைப் பற்றி அனுபவமாகச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை.

எங்கள் வழியின் பலவீனம் டீக்கடைக்காரர். அவரிடம் காகிதம் இல்லை. ஆனால் காகிதம் இல்லாததால் கடன் கடனாகாமல் போய்விடாது. முறைப்படி அவரையும் பட்டியலில் சேர்த்து ரூபாய்க்கு 67 காசு என்று எல்லோருக்கும் குறைத்திருக்க வேண்டும். அப்பாவை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனவருக்கு 67 காசு கணக்குப் பார்க்க என்னால் முடியவில்லை. 25,000 ரூபாயையும் நானும் தங்கையும் பாதிப் பாதியாகச் சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தோம். ஆக, பெரியப்பாவின் வழியிலும் கொஞ்ச தூரம் நடந்திருக்கிறோம்.

மறுபடி செய்வதானால் ஒன்றை மாற்றுவேன். முதல் வாரத்திலேயே தெரிந்த எல்லோருக்கும் பதிவுத் தபால் அனுப்பி, கேட்புகளை ஒரு தேதிக்குள் தெரிவிக்கச் சொல்வேன். நாங்கள் அதைச் செய்யாததால், எல்லாம் பகிர்ந்து முடிந்த நான்காம் மாதம் இன்னொருவர் வந்து 15,000 ரூபாய் தர வேண்டும் என்றார். புரோநோட்டும் இல்லை, சாட்சியும் இல்லை. மறுக்காமல் அவரை உட்காரவைத்து, வரவையும் செலவையும் ரசீதுகளையும் வரிசையாகக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரிவரை படித்தார். நகல் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டு போனவர் அதன்பின் வரவில்லை.