தையல் மெஷின் கழற்ற வாங்கிய கருவிகள்: சில வருடப் பாவனைக்குப் பிறகு

பழைய சிங்கர் மெஷினை வீட்டிலேயே கழற்றிப் பூட்டிப் பழக நினைப்பவர்கள் முதலில் தேடுவது நூறு துண்டுகள் உள்ள கருவிப்பெட்டியைத்தான். அது வேண்டாம். அந்தக் காசுக்கு நல்ல ஸ்குரூ டிரைவர் மூன்று வாங்குங்கள். திருகோணமலையில் இருந்துகொண்டு சில வருடமாக வீட்டு மெஷின்களோடும் அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போகும் மெஷின்களோடும் மல்லுக்கட்டியதில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது இதுதான். மிச்சக் கருவிகளை மலிவாகவே வாங்கலாம்.

காரணம், இந்த மெஷின்களில் நட்சத்திரத் தலை ஆணி கிடையாது. எல்லாமே ஒற்றைக் கோடு வெட்டிய திருகாணிகள். கடையில் கிடைக்கும் சாதாரண தட்டை ஸ்குரூ டிரைவரின் நுனியைப் பக்கவாட்டில் பாருங்கள், மேலே தடித்துக் கீழே மெலிந்து ஆப்பு மாதிரி இருக்கும். அதை ஆணியின் கோட்டில் வைத்தால் மேல் விளிம்பில் மட்டும்தான் தொடும். அழுத்தித் திருப்பினால் மேலே ஏறி வழுக்கும், போகிற போக்கில் கோட்டின் ஓரத்தையும் பிய்த்துவிடும். ஹொலோ கிரவுண்ட் என்று விற்கும் வகையில் நுனியின் இரு பக்கமும் சமாந்தரமாக இருக்கும். கோட்டின் அடிவரை இறங்கி, இரு சுவரையும் முழுசாகப் பிடிக்கும்.

இந்த வகையை நான் அறிந்தது துப்பாக்கிக்காரர்களிடமிருந்து. அமெரிக்காவில் ரிவால்வரை வீட்டில் கழற்றிப் பழகுபவர்களுக்கு முதலில் சொல்லப்படும் புத்திமதியே இதுதான். பழைய ஸ்மித் அண்ட் வெசன் ரிவால்வரின் பக்கத்தட்டு (உள்பாகங்களை மூடும் தட்டு) ஆணியில் ஒரு கீறல் விழுந்தாலும் சேகரிப்பவர்கள் விலையைக் குறைத்துவிடுவார்களாம். நம் ஊரில் துப்பாக்கிக்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், அதைக் கழற்றிப் பழகும் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் அவர்களுடைய ஸ்குரூ டிரைவர் தையல் மெஷினுக்கு அளவெடுத்துச் செய்தது போலப் பொருந்துகிறது. இன்னொரு பழக்கத்தையும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டேன். ஆணிகளைக் கழற்றிய பிறகும் பக்கத்தட்டு வராவிட்டால் நெம்ப மாட்டார்கள், மரப்பிடியால் சட்டத்தை மெதுவாகத் தட்டுவார்கள். அந்த அதிர்விலேயே தட்டு தானாக மேலே எழும்பும். காய்ந்த எண்ணெயில் ஒட்டிப்போன மெஷினின் முகத்தட்டையும் நான் இப்படித்தான் எடுக்கிறேன்.

அகலம், தடிப்பு இரண்டும் முக்கியம். நுனி, ஆணித்தலையின் அகலத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். அதைவிட அகலமானால் சுற்றியுள்ள பெயின்ட்டைக் கீறும். ஊசித்தட்டு ஆணிக்கு ஒன்று, அழுத்துக்காலும் முகத்தட்டும் இருக்கும் பக்கத்துக்கு ஒன்று, பொபின் கேஸுக்குச் சின்னது ஒன்று. இவ்வளவும் போதும். வெளிநாட்டுச் செட் வாங்க முடியாதவர்கள் என்.சி. வீதிப் பக்கம் ஏதாவது ஒரு ஹார்ட்வெயார் கடையில் ஓரளவு நல்ல உருக்கில் ஒன்றை வாங்கி, தட்டை அரத்தால் நுனியைச் சமாந்தரமாக ராவிக்கொள்ளலாம். கிரைண்டரில் பிடிப்பதென்றால் அடிக்கடி தண்ணீரில் நனையுங்கள். நுனி நீலமாக மாறினால் பதம் போய்விட்டது என்று அர்த்தம், அதன் பிறகு அது வளையும்.

இவ்வளவு கவனம் எதற்கென்றால், சிங்கரின் ஆணிகள் பொதுவான மரை அளவில் வருவதில்லை. தலை சிதைந்தால் கடையில் போய் இன்னொன்று கேட்க முடியாது, வேறொரு செத்த மெஷினிலிருந்துதான் எடுக்க வேண்டும். சிங்கரின் 15கே என்ற மாடலில் உள்ள ‘கே’ ஸ்கொட்லாந்தின் கில்போவி தொழிற்சாலையைக் குறிப்பது. அந்தத் தொழிற்சாலையே 1980இல் மூடப்பட்டுவிட்டது.

இறுகிய ஆணி இங்கே எல்லா வீட்டிலும் உள்ள பிரச்சினை. கடற்காற்று போதாதென்று மாரியில் ஈரம் வேறு. திருக்கடலூர்ப் பக்கமிருந்து வரும் மெஷின்களில் ஊசித்தட்டின் அடிப்பக்கம் பார்க்க முடியாது, அவ்வளவு கறள். மண்ணெண்ணெய் ஒரு சொட்டு விட்டு இரவு முழுக்க விடுங்கள். அப்படியும் அசையாவிட்டால் சோல்டரிங் அயனின் நுனியை ஆணித்தலையில் சிறிது நேரம் பிடியுங்கள். பிறகு முதலில் இறுக்குகிற பக்கமாக ஒரு மயிரிழை திருப்பிப் பார்த்துவிட்டுக் கழற்றுங்கள். சோல்டரிங் அயன் என் பெட்டிக்கு வந்தது ரேடியோவுக்காக. இப்போது அது முழுநேரமும் இந்த வேலையில்தான்.

எண்ணெய் விடயத்தில் மட்டும் அக்காமாரோடு வாக்குவாதம் வரும். “தம்பி, தேங்காய் எண்ணெய்தானே விட்டனான், அப்ப நல்லா ஓடினதுதானே?” ஓடும்தான், கொஞ்ச நாளைக்கு. பிறகு மண்ணிறப் பிசினாகக் காய்ந்து தண்டையே பிடித்துக்கொள்ளும். நிறமில்லாத தையல் மெஷின் எண்ணெயைத் தவிர வேறொன்றும் விட வேண்டாம். டபிள்யூடி-40 கறளை இளக்க உதவும், உராய்வுக்கு நின்று பிடிக்காது. தங்கப் பூவேலை உள்ள கறுப்பு மெஷினில் ஸ்பிரிட், தின்னர் எதையும் தொடவே தொடாதீர்கள். மேலே பூசியிருப்பது அரக்கு, பூவோடு சேர்ந்து கரைந்துவிடும்.

வாங்கிப் பயன்படாமல் கிடப்பவை: பற்றரி ஸ்குரூ டிரைவர், சொக்கட் செட். பற்றரியில் ஓடுவது ஆணி எப்போது இறுகுகிறது என்பதைக் கைக்குச் சொல்லாது. சொக்கட் நன்றாகத்தான் இருக்கிறது, மோட்டார் சைக்கிளுக்கு. எதிர்பாராமல் உதவியவை பழைய பல் துலக்கும் பிரஷ், மெல்லிய குறடு, தலையில் கட்டும் லைட். கரண்ட் போகும் ஊரில் லைட்டை மட்டும் சேர்த்தே வாங்கி வையுங்கள். கழற்றும் ஆணிகளைப் போட முட்டை அட்டை போதும், கழற்றிய வரிசைப்படி குழிகளில் போட்டால் பூட்டும்போது தேடத் தேவையில்லை.

சின்ன ஸ்குரூ டிரைவருக்கு ஏன் கூடக் காசு கொடுக்கச் சொல்கிறேன் என்றால் பொபின் கேஸுக்காக. அதன் தகட்டில் இரண்டு ஆணி இருக்கும். ஓரத்தில் உள்ளது தகட்டைப் பிடிப்பது, நடுவில் உள்ளதுதான் நூலின் இறுக்கத்தை மாற்றுவது. நடுவில் உள்ளதைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பி, நூலைப் பிடித்துக் கேஸைத் தொங்கவிடுங்கள். சும்மா இருக்கும்போது விழக்கூடாது, கையை மெல்லச் சுண்டினால் கொஞ்சம் இறங்கி நிற்க வேண்டும். இதைச் செய்யும்போது மடியில் ஒரு வெள்ளைத் துணியை விரித்துக்கொள்ளுங்கள். அந்த ஆணி எள்ளளவுதான், சீமெந்துத் தரையில் விழுந்தால் அம்மா கூட்டும்போதுதான் கிடைக்கும்.