ஒன்லைன் படிப்புக்கு எது வாங்கலாம்: டெப்பா, புது லப்டொப்பா, பாவித்ததா?

நாவலைத் திறந்த பல்கலைக்கழகமோ, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டமோ, வெளிநாட்டுப் பட்டம் தரும் தனியார் கல்லூரியோ, எதில் பதிந்தாலும் தலையிடி ஒன்றுதான். கோர்ஸ் பீஸைக் கட்டிய பிறகு கையில் மிஞ்சும் காசுக்கு எதை வாங்குவது? என்னிடம் கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பாவித்த நல்ல லப்டொப் ஒன்றை வாங்குங்கள், மிச்சத்தை இன்டர்நெட் இணைப்புக்கு வையுங்கள். ஏன் என்று பார்ப்போம்.

டெப்பைக் குறை சொல்ல மாட்டேன். பஸ்ஸில் போகும்போது பிடிஎஃப் வாசிக்கவும், வகுப்பின் ரெக்கோர்டிங்கைத் திரும்பப் பார்க்கவும் அதைவிட வசதியானது இல்லை. பாடங்களும் அசைன்மென்டும் ஏற்றும் மூடில் (Moodle) அப்பும் அதில் நன்றாகவே ஓடும். பரீட்சை வரும்போதுதான் வில்லங்கம். பல இடங்களில் கேட்கும் சேஃப் எக்சாம் பிரௌசர் (பரீட்சை நேரத்தில் வேறு எதையும் திறக்க விடாத மென்பொருள்) விண்டோஸ், மெக், ஐபேட் ஆகியவற்றுக்குத்தான் இருக்கிறது, அன்ட்ரொய்டுக்கு இல்லை. அதனால் டெப்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், பரீட்சை எதில் எழுத வேண்டும் என்று பாடநெறி அலுவலகத்தில் முதலே கேட்டுவிடுங்கள். அப்புறம், பத்துப் பக்க அசைன்மென்ட் ஒன்றைத் தொடுதிரையில் தட்டி முடிப்பது எவ்வளவு பாடு என்பது தட்டியவர்களுக்குத் தெரியும்.

அடுத்தது, விலை குறைந்த புது லப்டொப். பெட்டி பிரிக்காத சாமான், வொரண்டி உண்டு. அந்த வொரண்டி உண்மையான நன்மைதான். ஆனால் உள்ளே பாருங்கள்: இன்டெலின் மலிவு வகையான செலரோன் புரொசசர், 4 ஜிபி ரெம் (வேலை நடக்கும்போது பாவிக்கும் நினைவகம்), 64 ஜிபி சேமிப்பு. விண்டோஸ் 11க்கு மைக்ரோசொஃப்ட் கேட்கும் ஆகக் குறைந்த அளவே 4 ஜிபியும் 64 ஜிபியும்தான். சூம், வேர்ட், பிரௌசர் மூன்றையும் சேர்த்துத் திறந்தால் மூச்சு வாங்கும். இந்த வகையில் பலவற்றில் ரெம்மைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், பிறகு கூட்டவும் வழியில்லை. புதிதிலேயே 8 ஜிபி ரெம்மும் 256 ஜிபி எஸ்எஸ்டியும் (வேகமான சேமிப்பு) வாங்க வசதி இருந்தால் தாராளமாக வாங்குங்கள். அதற்குக் கீழே புதிது வேண்டாம்.

பாவித்தது என்று நான் சொல்வது, கம்பனிகள் பாவித்துவிட்டுக் கழித்த டெல் லெட்டிடியூட், லெனோவோ திங்பேட் போன்றவற்றை. பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாப் பக்கம் ஒரு சுற்று வந்தாலே விலை பிடிபடும். கீபோர்ட் உறுதியானது, பெரும்பாலானவற்றில் ரெம்மும் எஸ்எஸ்டியும் மாற்றலாம். கவனிக்க வேண்டியது புரொசசரின் தலைமுறை. லெட்டிடியூட் 7480, 7490 இரண்டையும் பக்கத்தில் வைத்தால் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது. ஒன்றில் ஐ5-7300யூ இருக்கும், மற்றதில் ஐ5-8350யூ. இவற்றில் கோட்டுக்குப் பிறகு வரும் முதல் இலக்கம்தான் தலைமுறை, பத்தாம் தலைமுறையிலிருந்து முதல் இரண்டு இலக்கங்கள். இன்டெல் புரொசசர்களில் பொதுவாகத் தலைமுறை 8 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் விண்டோஸ் 11க்கு மைக்ரோசொஃப்டின் ஆதரவு உண்டு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. "அண்ணை, பழசிலயும் 11 போட்டுத் தாறன்" என்பார்கள். போடலாம், ஓடும். ஆனால் அந்த மெஷினுக்குத் தொடர்ந்து அப்டேட் வரும் என்று மைக்ரோசொஃப்ட் உறுதி தருவதில்லை. இரண்டு மூன்று வருடப் படிப்புக்கு அந்த ஆபத்து எதற்கு?

பேட்டரியையும் கடையிலேயே பார்த்துவிட வேண்டும். விண்டோஸே பேட்டரி ரிப்போர்ட் ஒன்று எடுத்துத் தரும். எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். புதிதில் இருந்த கொள்ளளவும், இப்போது முழுச் சார்ஜில் நிற்கும் கொள்ளளவும் அருகருகே இருக்கும். இரண்டாவது, முதலாவதின் பாதிக்குக் கீழே என்றால், பேட்டரி மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். கெமராவையும் மைக்கையும் அங்கேயே போட்டுப் பாருங்கள்.

இனி இணைப்பு. சொந்த வீடு, அல்லது நீண்டகால வாடகை என்றால் ஃபைபர். அதில் எனக்கு இரண்டாம் எண்ணம் இல்லை. போர்டிங்கிலோ அனெக்ஸிலோ இருப்பவர்களுக்கு வீட்டுக்காரர் வயர் இழுக்க விடுவாரா என்பதே பெரிய கேள்வி. அவர்களுக்கு 4ஜி ரவுட்டர் பொருந்தும், வீடு மாறினால் கையோடு கொண்டுபோகலாம். ஆனால் ஒரே தொடர்மாடியில் மூன்றாம் மாடிக்கும் ஏழாம் மாடிக்கும் சிக்னல் வேறு. வாங்குவதற்கு முன் அதே கம்பனியின் சிம்மைப் போனில் போட்டு, வகுப்பு நடக்கும் அதே நேரத்தில், உங்கள் மேசையில் வைத்து ஸ்பீட் பாருங்கள். மத்தியானம் பார்த்த ஸ்பீடை இரவு ஏழு மணிக்கு எதிர்பார்க்க முடியாது.

டேட்டாக் கணக்கு இப்படி: வீடியோ 1 எம்பிபிஎஸ்ஸில் (செக்கனுக்கு 1 மெகாபிட்) வந்தால் மணிக்கு 450 எம்பி. கிழமைக்குப் பத்து மணித்தியாலம் வகுப்பு என்றால் மாதம் 20 ஜிபி அளவில் போகும், உங்கள் கெமராவையும் போட்டால் இன்னும் கூடும். குரல் மட்டும் என்றால் மணிக்கு 40 எம்பியும் வராது. பெக்கேஜ் பார்க்கும்போது மொத்த ஜிபியில் மயங்க வேண்டாம். பலவற்றில் ஒரு பங்கு நடுஇரவுக்குப் பிறகுதான் பாவிக்கலாம். அது ரெக்கோர்டிங் இறக்க உதவும், நேரடி வகுப்புக்கு உதவாது.

கரண்ட் போனால் ஃபைபர்தான் தாங்கும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுக்க மின்சாரம் போனதும் ஞாயிறு முற்பகல், வார இறுதி வகுப்பு நேரம். ஃபைபர் ரவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் (கரண்ட் போனதும் பேட்டரியில் ரவுட்டரை ஓட்டும் சிறு பெட்டி) பூட்டினால் லைன் பெரும்பாலும் வேலை செய்யும். வாங்கும்போது ரவுட்டர் அடப்டரில் அச்சடித்திருக்கும் வோல்ட், அம்பியர் இரண்டையும் பார்த்துப் பொருத்தமானதை எடுங்கள். மின்வெட்டு நீண்டால் டவர்களின் பேட்டரியும் இறங்கும், அப்போது 4ஜி கைவிடும். இருந்தாலும் போன் ஹொட்ஸ்பொட்டை அவசரத்துக்கு வைத்திருங்கள்.

ஹெட்செட்டில் புளூடூத் வேண்டாம், வயர் உள்ளது போதும்.

தமிழ்மூலம் படிப்பவர்களுக்கு இன்னொன்று. பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்து வேர்ட் கோப்பாகவே அனுப்பினால், விரிவுரையாளரின் மெஷினில் அந்த எழுத்துரு இல்லாதபோது எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். எழுத்துரு மாறினாலும் தமிழாகவே நிற்கும் யூனிகோடில் அடியுங்கள். பாமினி விசைப்பலகைதான் கைக்குப் பழக்கம் என்றால் என்எச்எம் ரைட்டர் என்ற தட்டச்சு மென்பொருளைப் போடுங்கள்: விரல்கள் பழைய இடத்திலேயே போகும், திரையில் விழுவது யூனிகோட்.