குடித்துவிட்டு ஓட்டிய தண்டனை: அப்பீலா, நன்னடத்தைச் சட்டமா, மூன்று வருடப் பொறுமையா?

கடலூர்க்காரர் புதுச்சேரி எல்லையில் இருக்கும் முள்ளோடை தாண்டிப் போய்க் குடித்துவிட்டுத் திரும்புகிறார். வழியில் மறித்து ஊதச் சொல்கிறார்கள். கோர்ட்டில் "ஆமாங்க ஐயா" என்று தலையாட்டி, 10,000 ரூபாய் கட்டி, வேலை முடிந்தது என்று வீட்டுக்கு வருகிறார். சில வருடம் கழித்து அரசு வேலைக்கோ வெளிநாட்டு விசாவுக்கோ படிவம் நிரப்பும்போது, 'தண்டனை பெற்றதுண்டா?' என்ற கேள்வியில் பேனா நின்றுவிடுகிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இருப்பதுபோல, பழைய தண்டனையை மனு போட்டு அழிக்கும் சட்டம் இந்தியாவில் 18 வயது நிரம்பியவர்களுக்குக் கிடையாது. "ரெக்கார்டை கிளியர் பண்ணித் தர்றோம்" என்று பணம் கேட்பவரிடம் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று கேளுங்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். லோக் அதாலத்தில் முடிக்கலாம் என்பதும் பொய். மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு சமரசத்துக்கு உட்படாத குற்றம், அதை லோக் அதாலத் தொடவே முடியாது.

தண்டனையையே உடைக்க வேண்டுமென்றால் அப்பீல் ஒன்றுதான் முழு மருந்து. பிடிபட்ட ஊரைப் பொறுத்து கடலூர் அல்லது புதுச்சேரி செஷன்ஸ் கோர்ட்டில், தீர்ப்பு வந்த 30 நாளுக்குள் போட வேண்டும். சான்றிட்ட நகல் கிடைக்க ஆகும் நாட்களை இந்தக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பதால், தீர்ப்பு நாளன்றே நகல் மனு கொடுப்பவர் புத்திசாலி. கருவி காட்டிய அளவு 100 மில்லி ரத்தத்துக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் என்று நிரூபிக்கப்பட்டதா, பிரிண்ட் அவுட் கோப்பில் இருக்கிறதா, வாடை அடித்தது என்று மட்டும் எழுதியிருக்கிறார்களா என்பவைதான் அங்கே பேசவேண்டிய விஷயங்கள். கைதான இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவப் பரிசோதனை செய்யவில்லை என்பதை வைத்து மட்டும் ஜெயிக்க முடியாது. அந்த விதி மீறப்பட்டால் காவலிலிருந்து விடவேண்டும் என்றுதான் மோட்டார் வாகனச் சட்டம் 202-ஆம் பிரிவு சொல்கிறது, வழக்கு தள்ளுபடி என்று சொல்லவில்லை.

பலர் வழுக்குவது "ஆமாங்க ஐயா"வில்தான். குற்றத்தை ஒப்புக்கொண்டவர் தண்டனையின் அளவு, அதன் சட்டப்பூர்வத் தன்மை இரண்டைப் பற்றி மட்டுமே அப்பீல் போடலாம் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 416-ஆம் பிரிவு (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 375). "நான் குடிக்கவில்லை" என்று இனிமேல் சொல்ல முடியாது. ஒப்புதலையே முறையாகப் பதியவில்லை, குற்றச்சாட்டைப் புரியவைக்கவில்லை என்றால் சீராய்வு மனு (கீழ்க் கோர்ட் செய்தது சட்டப்படி சரியா என்று பார்க்கச் சொல்லி மேல் கோர்ட்டில் போடுவது) இருக்கிறது, அதற்கு 90 நாள் அவகாசம். குற்றம் சாட்டப்பட்டவர் சொன்ன வார்த்தைகளையே முடிந்தவரை அப்படியே எழுதவேண்டும் என்பது சட்டம். கோப்பில் எல்லோருக்கும் ஒரே அச்சு வாசகம் இருந்தால் பிடிப்பதற்கு ஏதோ இருக்கிறது. இல்லையென்றால் வக்கீல் ஃபீஸ்தான் மிச்சம்.

ஒப்புக்கொண்டவருக்கு அப்பீலைவிடப் பொருத்தமானது 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். முதல்முறை 185-க்கு உச்ச தண்டனை ஆறு மாதச் சிறை என்பதால், இதற்கு முன் தண்டனை பெறாதவரைக் கண்டித்து விட்டுவிட 3-ஆம் பிரிவு இடம் தருகிறது. 4-ஆம் பிரிவில் பிணைப் பத்திரம் எழுதிக் கொடுத்து வெளியே வரலாம். அப்படி வந்தால் 12-ஆம் பிரிவின்படி அந்தத் தண்டனையால் வரக்கூடிய தகுதியிழப்பு ஒட்டாது. இதை முதல் கோர்ட்டில் கேட்க மறந்தவர், தண்டனையின் அளவு குறித்த அப்பீலிலும் கேட்கலாம். 11-ஆம் பிரிவு மேல் கோர்ட்டுக்கும் அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டவருக்குத் திறந்திருக்கும் சின்ன ஜன்னல் இது. ஆனால் கொடுத்தே ஆகவேண்டும் என்ற கட்டாயம் கோர்ட்டுக்கு இல்லை. விபத்தில் யாருக்காவது அடிபட்டிருந்தால் நம்பிக்கை வைக்க வேண்டாம். கிடைத்தாலும் தகுதியிழப்புதான் போகும், குற்றவாளி என்று தீர்ப்பான உண்மை போகாது. துறை ரீதியான நடவடிக்கையை 12-ஆம் பிரிவு தடுக்காது என்று உச்ச நீதிமன்றம் 1990-லேயே சொல்லிவிட்டது.

லைசென்ஸ் கறை தனிக் கணக்கு. முதல்முறை என்றால் மூன்று மாதத் தடை, மறுமுறை என்றால் லைசென்ஸே ரத்து. தடை உத்தரவு லைசென்ஸில் குறிப்பாக ஏறும், டூப்ளிகேட் எடுத்தாலும் கூடவே வரும். ஆனால் சட்டமே நேராக அழித்துத் தருவது இந்த ஒன்றைத்தான்: குறிப்பு ஏறியபின் தொடர்ச்சியாக மூன்று வருடம் வேறு குறிப்பு ஏறாவிட்டால், மோட்டார் வாகனச் சட்டம் 25-ஆம் பிரிவின்படி பழையதை ஒப்படைத்துச் சுத்தமான லைசென்ஸ் வாங்கும் உரிமை உண்டு. தடைக்காலம் இந்தக் கணக்கில் சேராது, ஆகவே மூன்று மாதத் தடை வாங்கியவருக்கு மூன்றே கால் வருடம். சட்டப் புத்தகத்தில் கட்டணம் 5 ரூபாய். கடலூரின் டி.என்.31 ஆனாலும் புதுச்சேரியின் பி.ஒய்.01 ஆனாலும் சட்டம் ஒன்றுதான். கம்பெனி வண்டி, டாக்ஸி, லாரி ஓட்டிப் பிழைப்பவருக்கு அப்பீலுக்குச் செலவழிப்பதைவிட இதுவே பயன். கேட்காமல் தானாக நடக்கும் என்று மட்டும் இருந்துவிடக் கூடாது.

பாஸ்போர்ட்டுக்காகப் பதறுபவர்கள் அப்பீல் பக்கமே போகவேண்டியதில்லை. ஐந்து வருடத்துக்குள் ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக இரண்டு வருடமோ அதற்கு மேலோ சிறைத் தண்டனை பெற்றிருந்தால்தான் அந்தக் காரணத்தைக் காட்டி மறுக்கலாம். ஃபைன் கட்டி முடிந்த கேஸ் அதில் வராது. வழக்கு நிலுவையில் இருந்தால்தான் கோர்ட் அனுமதி தேவைப்படும். அப்பீல் போட்டு இழுத்தடிப்பவர்கள் இதை வக்கீலிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

வேலைக்கான படிவத்தில் மறைப்பதுதான் இருப்பதிலேயே மோசமான வழி. அற்பமான வழக்கை மறைத்ததை வேலை கொடுப்பவர் தன் விருப்பப்படி மன்னிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2016-இல் சொன்னது உண்மை. அது அவர் விருப்பம், உங்கள் உரிமை அல்ல. அமெரிக்க விசாப் படிவமோ, மன்னிப்பு பெற்றிருந்தாலும் எழுது என்றே கேட்கிறது. தீர்ப்பின் சான்றிட்ட நகல், ஃபைன் ரசீது இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு, தேதி, பிரிவு, கட்டிய தொகை மூன்றையும் அதில் உள்ளபடியே எழுதுங்கள்.