வேலூரில் வாங்கியது, விட்பியில் தேறியது

பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரத்தில், மாடியில் இருக்கிறது அந்தக் கடை. பலகையில் கடைப் பெயரை விடப் பெரிய எழுத்தில் 'யூ.கே., கனடா, ஜெர்மனி குளிர் உடைகள், பேக்கிங், வீடு ஏற்பாடு' என்று போட்டிருப்பார்கள். நல்லதோடு குறையும் சொல்லப் போகிறேன் என்பதால் பெயரைப் போடவில்லை. எங்கள் சத்துவாச்சாரியில் நர்ஸ் வேலைக்கு வெளிநாடு போகிற பிள்ளைகள் பாதிப் பேர் அங்கேதான் பெட்டி நிரப்புகிறார்கள்.

நான் ராணிப்பேட்டை சிப்காட்டில் ஒரு ஷூ கம்பெனியில் குவாலிட்டி பார்த்தவன். மனைவி நர்ஸ். அவளுக்கு இங்கிலாந்தில் விட்பி என்கிற கடலோர ஊரில், ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு போனோம். மூட்டை கட்டியது இந்தக் கடையில்தான். இப்போது லீவில் வந்திருக்கிறேன். மனைவியின் அக்கா மகள் அதே கடற்கரையில் ஸ்கார்பரோ ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். "சித்தப்பா, நீங்களும் கூட வாங்க" என்று இழுத்துக்கொண்டு போனாள். அதனால் கடையை இன்னொரு முறை, இந்தத் தடவை அங்கே குளிர்காலம் பார்த்துவிட்ட கண்ணோடு பார்க்க முடிந்தது.

முதலில் அந்தக் குளிரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் எதை வாங்குவது, எதை விடுவது என்பது புரியாது. எஸ்க் ஆறு வடகடலில் சேருகிற இடத்தில் இருக்கிறது விட்பி. ஜனத்தொகை பதின்மூவாயிரம் பக்கம். கேப்டன் ஜேம்ஸ் குக் கப்பல் தொழில் பழகிய ஊர், அவருடைய எண்டெவர் கப்பல் அங்கே கட்டியதுதான். குன்றின்மேல் இடிந்த மடாலயம் ஒன்று, அங்கே ஏற 199 படி. வள்ளிமலை ஏறிப் பழகியவர்களுக்கு அது படியே இல்லை. ஜனவரியில் பகலில் ஆறேழு டிகிரி, ராத்திரியில் இரண்டு மூன்று. "அவ்வளவுதானா, டெல்லியிலேயே இருக்கே" என்பார்கள். எண்ணைப் பார்த்தால் அப்படித்தான். ஆனால் டெல்லியில் கடல்காற்று கிடையாது. விட்பியில் காற்று கடல்மேலிருந்து ஈரத்தை வாரிக்கொண்டு வரும், சட்டைக்குள் புகுந்து எலும்பில் உட்கார்ந்துகொள்ளும். டிசம்பர் கடைசியில் காலை எட்டேகாலுக்கு மேல்தான் விடியும், மதியம் மூணே முக்காலுக்கெல்லாம் பொழுது போய்விடும். பனி கொட்டுவது குறைவு, கொட்டினாலும் கடலோரத்தில் அதிக நேரம் நிற்காது. மழை, காற்று, ஈரம். இந்த மூன்றுக்குத்தான் துணி வாங்க வேண்டும்.

கடைக்காரர் பாய் மனசில் குளிர் நாடு என்றால் காலண்டரில் வருகிற பனிமலைதான். அதனால் அவர் போடுகிற பேக்கேஜும் பனிமலைக்கான பேக்கேஜ். 12,500 ரூபாய்க்கு ஒரு பஞ்சு ஜாக்கெட், ஸ்வெட்டர், உள்ளே உடம்போடு ஒட்டிப் போடுகிற தெர்மல் இரண்டு செட், கிளவுஸ், குல்லா, சாக்ஸ், ஒரு ஜோடி பூட். மொத்தமாக எடுத்தால் லாபம் என்பார். எடுக்காதீர்கள், தனித்தனியாகக் கேளுங்கள். கொஞ்சம் முகம் சுளிப்பார், அப்புறம் கொடுத்துவிடுவார்.

தெர்மல் நன்றாக இருக்கிறது, தாராளமாக வாங்கலாம். பருத்தி மட்டும் வேண்டாம். மேடேறி வேர்த்தால் அந்த ஈரம் உடம்பிலேயே நின்று இன்னும் குளிரும். ஸ்வெட்டர் பரவாயில்லை. ஜாக்கெட்டைத்தான் பார்த்து வாங்க வேண்டும். கடையில் போட்டுப் பார்த்தால் மெத்தைக்குள் படுத்த மாதிரி சுகமாக இருக்கும், வேலூர் வெயிலில் இரண்டே நிமிஷத்தில் கழற்றி எறியத் தோன்றும். அங்கே அரை மணி நேர மழையில் பஞ்சு நனைந்து கனத்துவிட்டால் அதில் சூடு நிற்காது. மழைக்குத் தாங்குமா என்று பார்க்க உள்பக்கத்தைத் திருப்புங்கள். தையல் ஓடுகிற இடமெல்லாம் நாடா ஒட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் ஊசி போன ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கும், துணி எவ்வளவு ஒசத்தியாக இருந்தாலும் சரி. வேடிக்கை என்னவென்றால், அதே கடையில் பின்வரிசையில் பைக் ஓட்டுகிறவர்களுக்கான மழை ஜாக்கெட் தொங்குகிறது. 1,400 ரூபாய்தான், தையலுக்கெல்லாம் நாடா ஒட்டியது. உள்ளே தெர்மல், மேலே ஸ்வெட்டர், அதற்கு மேலே இதைப் போட்டால் விட்பி துறைமுகப் பாலத்தில் நின்று பஸ்ஸுக்குக் காத்திருக்கலாம். அக்கா மகளுக்கு அதைத்தான் எடுத்தோம். "அது வண்டிக்காரங்க போடறது சார், லண்டனுக்குப் போற பொண்ணுக்கா?" என்று பாய்க்கு வருத்தம்.

குடை வாங்க வேண்டாம், அந்தக் காற்றுக்கு ஒரு வாரம் தாங்காது. மங்கி குல்லாவை மறக்காதீர்கள். போட்டோவில் நன்றாக இருக்காதுதான், ஆனால் காதுக்கு அதை விட்டால் கதி இல்லை. கடைகளுக்குள் நுழையும்போது மட்டும் கழற்றிவிடுங்கள். முகத்தை மூடிக்கொண்டு ஒரு ஆள் வந்தால் கல்லாவில் இருக்கிற பெண் பயந்துபோகும்.

இனி பூட். இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேக்கேஜில் வருவது பளபளவென்று, உள்ளே ரோமம் வைத்த பூட். "ஆம்பூர் மால் சார், எக்ஸ்போர்ட்" என்று பாய் மேஜைமேல் தட்டி வைப்பார். ஆம்பூர் மால் என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆம்பூரிலும் எல்லாத் தரமும்தான் செய்கிறார்கள். கட்டைவிரலால் அப்பரை, அதாவது பூட்டின் மேல்பாகத்தை, அமுக்கிப் பாருங்கள். மேல்தோலைத் தேய்க்காமல் அப்படியே விட்ட ஃபுல் கிரெயின் தோலாக இருந்தால் விரலைச் சுற்றி மெல்லிய சுருக்கம் ஓடும், விரலை எடுத்ததும் மறைந்துவிடும். இந்த பூட்டில் சுருக்கமே விழவில்லை, ரெக்சின் போலக் குழிந்தது. மேல்தோலைத் தேய்த்தெடுத்துவிட்டு, கனமாக ஃபினிஷ் அடித்து, அச்சு குத்தி மினுக்கியது. மடிகிற இடத்தில் ஒரு சீசனில் வெடிக்கும். அடுத்து சோல். ஓரத்தைச் சுற்றித் தையல் மாதிரி தெரியும். நகத்தால் நெருடுங்கள். நூல் இருந்தால் நகத்தில் தட்டும். இதில் நூலே இல்லை, ரப்பர் அச்சிலேயே வந்த அலங்காரம். சோல் நிற்பது வெறும் பேஸ்டிங்கில், அதாவது பசையில். தினமும் ஈரமாகி, தினமும் ஹீட்டர் பக்கத்தில் காய்கிற பூட்டுக்கு பேஸ்டிங் எத்தனை நாள் தாங்கும்?

ஆனால் கீழ்த்தட்டில், டப்பா இல்லாமல் கயிற்றில் கட்டிப் போட்டிருக்கிற ஜோடிகளைப் பாருங்கள். அங்கேதான் சரக்கு. குட்இயர் வெல்ட் போட்டது, அதாவது அப்பரைச் சுற்றி ஒரு தோல் பட்டையைத் தைத்து, அந்தப் பட்டையோடு சோலைத் தைத்திருப்பார்கள். ஈரம் உள்ளே வர நேரமாகும், சோல் தேய்ந்தால் பிரித்து வேறு போடலாம். இடது காலுக்கும் வலது காலுக்கும் நிறம் ஒரு சாயல் மாறியிருந்தால் வெளிநாட்டு பையர் எடுக்க மாட்டான், ரிஜெக்டில் போய்விடும். நானே அப்படி நிறைய ஜோடிகளை ஒதுக்கியிருக்கிறேன். விட்பியில் யாரும் குனிந்து என் இரண்டு காலையும் ஒப்பிட்டுப் பார்த்ததில்லை. 2,800 ரூபாய்க்கு வாங்கியதை இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன். தடித்த சாக்ஸ் போட்டுப் பார்த்து, ஒரு நம்பர் பெரியதாக எடுங்கள்.

அங்கே போனதும் ஒன்று கவனியுங்கள். கடல் சாரலும், உறைபனி நாளில் ரோட்டில் தூவுகிற உப்பும் தோலில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும். தண்ணீரில் கொஞ்சம் வினிகர் கலந்து, துணியில் தொட்டுத் துடைத்து, ஹீட்டரிடம் கொண்டுபோகாமல் காற்றாட வைத்து, காய்ந்த பிறகு மெழுகு தேய்க்க வேண்டும். மீன் வறுவலுக்குப் பேர்போன ஊர், வறுவல் மேலேயே வினிகரை ஊற்றித் தருவார்கள். அதனால் அதற்குப் பஞ்சம் வராது.

பேக்கிங் வேலைக்குக் குறையே சொல்ல முடியாது. பையன் ஒருவன் மெஷின் வைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்து ஒட்டித் தருகிறான். சாம்பார் பொடி, பருப்புப் பொடி, வற்றல் எல்லாம் துளி வாசம் கசியாமல் வந்து சேர்ந்தது. பெட்டியை எடை போட்டு, கூடினால் எதை எடுக்கலாம் என்றும் பொறுமையாகச் சொல்வான். ஆனால் ஆற்காடு மக்கன் பேடாவையும் அதே மாதிரி அடைத்துத் தருகிறேன் என்பார்கள், விட்டுவிடுங்கள். அது பாலைச் சுண்டக் காய்ச்சிய கோவா போட்டுச் செய்வது. இந்தியாவிலிருந்து இறைச்சியும் பால் பண்டங்களும் பிரிட்டனுக்குள் கொண்டுபோக அனுமதி இல்லை. பிடித்தால் கண்ணெதிரே குப்பையில் போடுவார்கள், பேடாவுக்கு அந்தக் கதி வரக் கூடாது. குக்கர் எடுத்தால் இண்டக்‌ஷனுக்கும் ஏற்ற அடிப்பாகமா என்று கேட்டு எடுங்கள். வாடகை வீட்டில் கேஸ் அடுப்பு இருக்கும் என்று நம்ப முடியாது.

இதுவரை எல்லாம் தேறும். பலகையில் கடைசியாக எழுதியிருக்கிற 'வீடு ஏற்பாடு' மட்டும் தேறாது. பேக்கேஜுக்கு மேல் அதற்கு 15,000 ரூபாய். எங்களுக்கு அதற்குக் கிடைத்தது வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல். பட்டியலில் இருந்ததெல்லாம் டூரிஸ்டுகளுக்கு ராத்திரிக் கணக்கில் விடுகிற வீடுகள். ஒரு மாதம் இருந்தால் மனைவி சம்பளம் அங்கேயே தீர்ந்துவிடும்.

விட்பியில் வீட்டுக்குப் பஞ்சம் ஏன் என்பது தெருவில் நடந்தாலே தெரியும். துறைமுகத்தை ஒட்டிய சந்துகளில் கதவுக்குக் கதவு நம்பர் பூட்டு போட்ட சின்ன இரும்புப் பெட்டி தொங்கும். உள்ளே சாவி. விருந்தாளி வந்து நம்பரை அழுத்தி எடுத்துக்கொள்வான், சொந்தக்காரர் வேறு ஊரில் இருப்பார். பிப்ரவரி சாயங்காலம் போனால் பத்து வீட்டுக்கு இரண்டில்தான் விளக்கு எரியும். ஊர்க்காரர்களே பொறுக்க முடியாமல் 2022 ஜூனில் வாக்கெடுப்பு வைத்தார்கள். புதிதாகக் கட்டுகிற வீடுகள் நிரந்தரமாகக் குடியிருப்பவர்களுக்குத்தான் என்று 90 சதவீதத்துக்கு மேல் ஓட்டு விழுந்தது. சட்டப்படி அது யாரையும் கட்டுப்படுத்தாது. 2025 ஏப்ரலிலிருந்து இரண்டாவது வீடு வைத்திருப்பவர்களுக்கு கவுன்சில் வரியை, நம் ஊர் வீட்டு வரி மாதிரி, இரட்டிப்பாக்கியிருக்கிறார்கள். அப்படியும் எனக்கு வாடகை குறையவில்லை.

நாங்கள் போன சமயத்தில் இதில் இன்னொரு வலை இருந்தது. அக்டோபரில் வாடகை மலிவாக, சாமான்களோடு அருமையான வீடு கிடைக்கும். ஈஸ்டர் வரைக்கும்தான். சீசன் ஆரம்பித்ததும் டூரிஸ்டுக்கு விட வேண்டும், காலி செய்யுங்கள் என்பார்கள். பிள்ளையைப் பள்ளியில் சேர்த்துவிட்டு வீடு தேடி அலைய வேண்டியதுதான். வருஷம் முழுக்கக் குடியிருக்க விடுகிற வீடுதானா என்று முதல் கேள்வியாகக் கேளுங்கள்.

நம் ஊரில் அட்வான்ஸ் என்று லட்சக்கணக்கில் கேட்பார்கள், ஆனால் "எங்க வேலை, எந்த ஊரு" என்பதோடு விசாரணை முடிந்துவிடும். அங்கே சட்டப்படி டெபாசிட் ஐந்து வார வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. எங்கள் வாடகை மாதம் 850 பவுண்டு, டெபாசிட் 980 கொடுத்தோம். வீட்டு ஏஜென்ட் குடிவருபவரிடம் கமிஷன் வாங்குவதும் 2019 ஜூனிலிருந்து தடை. கேட்கவே நன்றாக இருக்கிறதா? ஆனால் அந்த நாட்டில் கடன் வாங்கிக் கட்டிய சரித்திரம் இல்லை, பழைய வீட்டுக்காரரின் கடிதம் இல்லை, ஜாமீன் நிற்க உள்ளூர் ஆள் இல்லை என்றால் விண்ணப்பம் அடியில் போய்விடும். மனைவி வேலை செய்கிற இல்லத்தின் மேனேஜர் அம்மா ஏஜென்டிடம் நேரில் பேசியதால்தான் எங்களுக்கு வீடு அமைந்தது. வேலூரிலிருந்து யாரும் அதைச் செய்ய முடியாது. நீங்களும் கிளம்புவதற்கு முன்பே வேலை கொடுக்கிறவர்களிடம் கேளுங்கள், முதல் சில வாரம் தங்க இடம் தருவார்களா என்று எழுத்தில் வாங்குங்கள்.

வீடு பார்க்கும்போது, எரிசக்தியை எவ்வளவு சிக்கனமாகச் செலவழிக்கிறது என்று வீட்டுக்கு ஏ முதல் ஜி வரை தரம் போடுகிற சான்றைக் கேளுங்கள். ஈ-க்குக் கீழே உள்ளதைப் பொதுவாக வாடகைக்கு விடக் கூடாது. ஈ-யே எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. கல் சுவர், ஒற்றைக் கண்ணாடி ஜன்னல். காலையில் இட்லி வேக வைத்தால் ஆவி முழுக்க ஜன்னலில் போய்த் தண்ணீராக வழியும். துணியும் வீட்டுக்குள்தான் காய வேண்டும். அலமாரியை நகர்த்தினால் பின்சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. ஹீட்டரை எவ்வளவு வைத்தாலும் போகவில்லை, காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கிற மெஷின் ஒன்று வாங்கி வைத்த பிறகுதான் அடங்கியது. ராத்திரி ஓடவிட்டால் காலையில் தொட்டியில் லிட்டர் கணக்கில் தண்ணீர். பஞ்சு ஜாக்கெட்டுக்கும் ரோம பூட்டுக்கும் கொடுக்கிற காசை இதற்கு ஒதுக்குங்கள். இதை அங்கேதான் வாங்க வேண்டும், பாயிடம் கிடைக்காது.

பட்டியல் எதற்கும் உதவவில்லை என்று நான் போனில் சொன்னதும் பாய் தகராறு பண்ணாமல் பாதிப் பணத்தை என் தம்பியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. பலகையில் அந்த வரியை மட்டும் இன்னும் அழிக்கவில்லை. அக்கா மகளிடமும் கேட்டுப் பார்த்தார், அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு "வேணாம் பாய்" என்றுவிட்டாள்.

போகிறவர்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் போங்கள், பாய் இருப்பார். மதியத்தில் பையன் மட்டும்தான், அவனுக்குப் பேக்கேஜ் விலை தவிர வேறு விலை தெரியாது, கீழ்த்தட்டு பூட்டைக் கேட்டால் முழிப்பான். பூட்டுக்கு பில் வாங்கி வையுங்கள். கிளம்புகிறதற்கு முன்னால் சைஸ் மாற்ற வேண்டியிருந்தால் பில் இல்லாமல் மாற்றித் தர மாட்டார்கள்.