மின்முனையா, மின்னூட்ட அச்சா? துளியை ஓட்டும் இரண்டு வழிகள்

ஒரு சொட்டு நீரைப் பம்பும் குழாயும் இல்லாமல் மின்சாரத்தால் மட்டுமே நகர்த்த இரண்டு முக்கியமான வழிகள் உண்டு. ஒன்று, பரப்புக்கு அடியில் மின்முனைகளை வரிசையாகப் பதித்து ஒவ்வொன்றாக இயக்குவது. இதை எலக்ட்ரோவெட்டிங் என்பார்கள். இன்னொன்று, பரப்பின் மேலேயே மின்னூட்டத்தை அச்சடித்துவிட்டுத் துளியை அதன் போக்கில் விடுவது. வேகத்தைப் பார்த்தால் இரண்டாவதுதான் வெல்லும். ஆனால் ரத்தப் பரிசோதனை போன்ற வேலைக்கு நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

எலக்ட்ரோவெட்டிங்கின் வேர் பழையது. பாதரசம் அமிலக் கரைசலைத் தொடும் இடத்தில் மின்னழுத்தத்தை மாற்றினால் பரப்பு இழுவிசையும் மாறுகிறது என்று 1875இல் கேப்ரியல் லிப்மன் காட்டினார். தண்ணீரில் இதை நேரடியாகச் செய்யப் போனால் ஒன்றிரண்டு வோல்ட்டிலேயே நீர் சிதைந்து குமிழி விடத் தொடங்கும். 1993இல் புரூனோ பெர்ஜ் மின்முனைக்கும் நீருக்கும் நடுவே மெல்லிய மின்காப்புப் படலத்தை வைத்தார். பல பத்து வோல்ட் கொடுத்தாலும் துளி சிதையாமல் இருக்க வழி பிறந்தது அப்போதுதான்.

டெஃப்ளான் பூசிய பரப்பில் துளி முத்துப்போல உருண்டு நிற்கும். பக்கத்து மின்முனைக்கு மின்சாரம் போனதும், அந்தப் பக்கத்து விளிம்பு மட்டும் தட்டையாகிப் படரும். துளி முழுக்க அந்தப் பக்கம் இழுபட்டுப் போய் உட்காரும். விளைவு மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் நேர், எதிர் என்ற பேதமில்லை, மாறுதிசை மின்சாரமும் வேலை செய்யும். ஓர் அளவுக்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் துளி அதற்குமேல் படராது என்பது வேறு கதை.

என்னை ஈர்ப்பது துளியைப் பிளக்கும் விதம்தான். இரண்டு தகடுகளுக்கு நடுவே, மூன்று மின்முனைகள் மேல் பரவிக் கிடக்கும் துளியை எண்ணிப்பாருங்கள். இரு ஓரங்களையும் இயக்கி நடுவை அணைத்தால், துளியின் இடுப்பு ஒடுங்கி ஒடுங்கி அறுந்து இரண்டாகும். நிறுத்துவது, சேர்ப்பது, கலக்குவது எல்லாமே இப்படி மின்முனைகளை இயக்கி அணைக்கும் வரிசைதான். பிறந்த குழந்தையின் உலர்ந்த ரத்தப் பொட்டிலிருந்து அரிய நொதிக் குறைபாடுகளைக் கண்டறியும் பேபீஸ் நிறுவனத்தின் சீக்கர் கருவிக்கு 2017இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ ஒப்புதல் கொடுத்தது. உள்ளே நடப்பது இந்தத் துளியாட்டம்தான்.

சரி, மின்னூட்ட அச்சுக்கு வருவோம். 2019இல் சீன ஆய்வாளர்கள் காட்டிய வழி அழகானது. நீரும் எண்ணெயும் ஒட்டாத பரப்பில் உயரத்திலிருந்து நீர்த்துளிகளை விழவைக்கிறார்கள். மோதித் தெறிக்கும் துளி பரப்பில் மின்னூட்டத்தை விட்டுப்போகிறது. உயரம் கூடினால் மின்னூட்டமும் கூடும். உயரத்தை மாற்றிமாற்றி விழவைத்தால் ஏறுமுகமான ஒரு மின்னூட்டப் பாதை உருவாகும். அதில் வைத்த துளி, மின்கம்பியோ மின்கலமோ இல்லாமல் விநாடிக்கு ஒரு மீட்டருக்கு மேல் ஓடுகிறது. எலக்ட்ரோவெட்டிங்கில் பொதுவாக விநாடிக்குச் சில சென்டிமீட்டர்தான்.

ஆனால் அச்சடித்த பாதையை நடுவழியில் மாற்ற முடியாது. ஓடும் துளியைப் பாதியில் நிறுத்தி, பிளந்து, ஒரு பாதியைத் திருப்பி அனுப்ப வழியில்லை. ஈரமான காற்றில் மின்னூட்டம் கசிந்தும் போகும். ஒரே திசையில் ஓடினால் போதும் என்ற வேலைகளுக்கு மட்டுமே இதை நம்பலாம்.

எலக்ட்ரோவெட்டிங்கிலும் தலைவலி உண்டு. ரத்தத்தில் உள்ள புரதம் பரப்பில் ஒட்டிக்கொண்டால் துளி நகராமல் அடம்பிடிக்கும். சுற்றிலும் சிலிக்கோன் எண்ணெய் நிரப்பினால் ஒட்டுவது குறையும், துளி உலர்வதும் குறையும். மின்முனைகளுக்குப் பதில் ஒளிக்கற்றையால் துளியை ஓட்டும் முறையும் இருக்கிறது. நுட்பமானதுதான், ஆனால் ஒளி உணரும் படலம் தேவை என்பதால் செலவு கூடும்.

முதன்முதலாகச் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கும் எலக்ட்ரோவெட்டிங்தான் எளிது. மின்முனைகளைச் சாதாரண சர்க்யூட் போர்டிலேயே வரையலாம். டொராண்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மின்காப்புக்கு உணவு சுற்றும் பிளாஸ்டிக் தாளையும், மேல்பூச்சுக்குக் கார் கண்ணாடியில் தடவும் நீர்விலக்கியையும் வைத்தே துளியை ஓட்டிக் காட்டியிருக்கிறார்கள். மின்னழுத்தம் நூற்றுக்கணக்கான வோல்ட் வரை போகலாம் என்பதால், விவரம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருக்கும்போதே இயக்குங்கள்.