காலை ஆறு மணித் தட்டச்சுப் பயிலகம்

நாள் முழுக்கப் போனில் தவணை பாக்கி கேட்கும் வேலை எனக்கு. மனசு ஒட்டவேயில்லை. குரூப் 4 தட்டச்சர் பணிக்குப் போய்விட வேண்டும் என்றுதான் எங்கள் தெருமுனைப் பயிலகத்தில் சேர்ந்தேன்.

நல்ல இடம். காலை ஆறு மணிக்கே திறந்துவிடுகிறார்கள். ஆபீஸ் கிளம்புமுன் ஒரு மணி நேரம் நிம்மதியாக அடிக்கலாம். மாஸ்டர் விசைகளைக் குனிந்து பார்க்கவே விடமாட்டார். சுண்டுவிரல் அழுத்தம் குறைந்து ஆங்கில ‘A’ எழுத்து மங்கலாக விழுந்தால், அந்த வரியை மறுபடி அடிக்க வேண்டும். தட்டச்சுத் தேர்வில் இளநிலைக்கு நிமிடத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45. இந்தக் கண்டிப்பு இல்லாமல் அந்த வேகம் வராது.

ரிப்பனைத்தான் சீக்கிரம் மாற்ற மாட்டேன் என்கிறார்கள். மற்றபடி தைரியமாகச் சேரலாம். ஜன்னலோர மெஷினைக் கேட்டு வாங்குங்கள், விசை இறுக்கமில்லாமல் இருக்கும்.