கள ஆய்வுப் பயிற்சிக்குப் பேசும் ஏஐ அவதார்: ஒரு பருவம் பயன்படுத்திய அனுபவம்

சேலத்தில் ஒரு கல்லூரியில் சமூகப்பணித் துறையில் பாடம் எடுக்கிறேன். முதுகலையில் இந்த முறை 26 பேர். வருடா வருடம் டிசம்பரில் இவர்களை ஏற்காட்டு மலைக் கிராமங்களுக்குக் கள ஆய்வுக்குக் கூட்டிப் போவோம், காபிப் பழம் பறிக்கிற நேரம் அது. ஒவ்வொரு முறையும் முதல் நாள் வீணாகப் போகும். கேள்வித்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு ரேஷன் கார்டுக்கு விவரம் எடுக்க வந்த ஆள் மாதிரி "மாத வருமானம் எவ்வளவு?" என்று ஆரம்பிப்பார்கள், எதிரில் இருக்கிறவர் அத்தோடு வாயை மூடிக்கொள்வார். மலை ஏறுவதற்கு முன்னால் பேசிப் பழக ஒரு வழி வேண்டும் என்றுதான் இந்த ஏஐ அவதார் சேவைக்குப் பணம் கட்டினோம்.

எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். திரையில் ஒரு முகம். அதற்கு வயது, ஊர், தொழில், குணம் எல்லாவற்றையும் நாமே எழுதிக் கொடுக்கலாம், படிக்க வேண்டிய குறிப்புகளையும் ஏற்றலாம். மாணவர் மைக்கில் பேசினால் அந்தப் பேச்சு எழுத்தாகி, பதிலை எழுதும் ஏஐ மொழி மாதிரிக்கு (language model) போய், பதில் மறுபடி குரலாகி, அதற்கேற்ப உதடு அசைகிறது. இத்தனை படி தாண்டி வருவதால் எங்கள் ஆய்வகத்தில் தமிழுக்கு நான்கு விநாடி வரை ஆனது. ஆங்கிலத்தில் கொஞ்சம் சீக்கிரம். அந்த நான்கு விநாடி பொறுக்காமல் பிள்ளைகள் அடுத்த கேள்வியைப் போட, இரண்டும் கலந்து போகும். தமிழ் செய்தி வாசிப்பவர் தமிழ்தான், சேலத்து வாடை கிடையாது.

நான் உருவாக்கியது 60 வயதுள்ள தோட்டத் தொழிலாளி ஒருவர், ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண். முதல் நாளே ஒரு பெரிய தப்பு. நம் மலையில் இருக்கிற மலையாளி மக்களுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தமில்லை என்பது சேலத்துக்காரர்களுக்குத் தெரியும். தமிழ்நாட்டுப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரிய சமூகம் அது, பேசுவது தமிழ், காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் கிளம்பி வந்து ஆளுக்கொரு மலையில் குடியேறியதாக அவர்களே கதை சொல்வார்கள். இந்த அவதாரோ தன் தாய்மொழி மலையாளம் என்றும் வீட்டில் ஓணம் கொண்டாடுவோம் என்றும் சிரித்த முகத்தோடு சொன்னது. இன்னொரு மாணவனிடம் ஏப்ரலில் பழம் பறிப்போம் என்றது. மார்ச், ஏப்ரல் மழைக்கு அரபிகா வகைக் காபி பூக்கிற காலம் அது, பழம் நவம்பரில்தான் எடுக்க ஆரம்பிப்பார்கள். ஊரைப் பற்றித் தெரியாத ஒரு பிள்ளை இதை அப்படியே நம்பியிருக்கும், எனக்கு அதுதான் பயமாக இருந்தது. பிறகு 14 பக்கக் குறிப்பு எழுதி ஏற்றினேன். இந்தத் தப்புகள் பெரும்பாலும் நின்றன.

சரி, நல்லதுக்கு வருகிறேன். வகுப்பில் வாயே திறக்காத ஒரு மாணவி ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரே வாரத்தில் பதினொரு முறை பேசியிருந்தாள். தப்பாகக் கேட்டால் யாரும் சிரிக்க மாட்டார்கள் என்பதே அவளுக்குப் போதுமாக இருந்தது. அதைவிடப் பெரிய உபகாரம், ஒவ்வொரு உரையாடலும் எழுத்தாகச் சேமிக்கப்படுகிறது. அதை அச்செடுத்துப் பக்கத்தில் உட்கார வைத்து, "பார், இங்கே நீயே பதிலைச் சொல்லிவிட்டு ஆமாம் மட்டும் கேட்கிறாய்" என்று பேனாவால் சுழித்துக் காட்ட முடிந்தது. "கூலி பத்தாம கஷ்டமாத்தான் இருக்கும், இல்லீங்களா?" மாதிரியான கேள்விகள் முதல் வாரத்தில் பக்கத்துக்கு ஐந்தாறு இருந்தன, நான்காவது வாரத்தில் ஒன்றிரண்டாகக் குறைந்தன. பதினைந்து வருடமாக இதைக் கரும்பலகையில் சொல்லிக் கொடுக்கிறேன், இவ்வளவு வேகமாக யாருக்கும் பிடிபட்டதில்லை.

ஆனால் அதே எழுத்துப் படிகளை வரிசையாக வைத்துப் படித்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. ஒருவன் "காபி விலை இறங்கினதாலதான் கடன் வாங்கினீங்களா?" என்று கேட்டிருக்கிறான், ஆமாம் என்கிறது. இன்னொருத்தி "ஆஸ்பத்திரிச் செலவுக்கா?" என்று கேட்டால் அதற்கும் ஆமாம். கேட்கிறவர் மனதில் இருப்பதை அழகாகத் திருப்பிக் கொடுக்கிறது. பேசிப் பழக இது பரவாயில்லை, ஆராய்ச்சிக்கு ஆகவே ஆகாது. ஒரு மாணவர் இந்தப் பதில்களை நேர்காணல் தரவாகத் தன் ஆய்வேட்டில் சேர்க்கலாமா என்று கேட்டார், கூடாது என்று உறுதியாகச் சொன்னேன். பனியில் நின்று பழம் பறித்த ஒரு பெண்ணின் வார்த்தை இருக்க வேண்டிய இடத்தில் அப்படி யாரும் சொல்லாத வாக்கியத்தை வைப்பது அந்த மக்களுக்குச் செய்கிற அநியாயம்.

டிசம்பரில் மலைக்குப் போனோம். இந்த முறை பிள்ளைகளிடம் பதற்றம் குறைவு, அது நிஜம். ஆனாலும் முதல் வீட்டிலேயே திணறினார்கள். அந்த ஆயா "எந்தூரு சாமி? ஊட்டுல எத்தன பேரு? சாப்டியா?" என்று பத்து நிமிடம் இவர்களைத்தான் விசாரித்தார். அவதார் ஒரு நாளும் திருப்பிக் கேட்டதில்லை, அதனால் தன்னைப் பற்றிச் சொல்ல எவருக்கும் வரவில்லை. திரும்பி வந்ததும் குறிப்பை மாற்றி எழுதினேன்: முதலில் மாணவரின் ஊரையும் வீட்டையும் கேட்க வேண்டும், இரண்டு கேள்விக்காவது பதில் சொல்ல மறுக்க வேண்டும், நடுவில் ஆட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போக வேண்டும். இப்போது எவ்வளவோ மேல். நீங்கள் வாங்கினால் இதை முதல் நாளே செய்யுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1966-இல் ஜோசப் வைசன்பாம் என்ற கணினி அறிவியலாளர் எலைசா என்ற உரையாடல் நிரலை வெளியிட்டார். அவர் அதை உருவாக்குவதை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதோடு தனியாகப் பேச வேண்டும், வெளியே போங்கள் என்று அவரிடம் சொன்னாராம். அது வெறும் எழுத்து, இதற்கு முகமும் குரலும் இருக்கிறது. எங்கள் பிள்ளைகளில் சிலர் பயிற்சி முடிந்ததும் வீட்டுக் கவலையெல்லாம் அதனிடம் சொல்லியிருந்தார்கள், அதுவும் பதிவாகியிருந்தது. அந்தப் பகுதிகளை அழிக்கக் கேட்டு மூன்று வாரம் காத்திருந்தோம். பள்ளி ஆசிரியர்கள் கூடுதல் கவனமாக இருங்கள், 2023-ஆம் வருடத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிரம்பாதவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோர் சம்மதம் கேட்கிறது.

கட்டணம் நிமிடக் கணக்கு. ஆளுக்குப் பதினைந்து நிமிடம் என்றாலே 26 பேருக்கு ஆறரை மணி நேரம், மாத ஒதுக்கீடு இரண்டாவது வாரத்திலேயே தீர்ந்துவிட்டது. அப்புறம் குரல் மட்டும் வரும் திட்டத்துக்கு மாறினோம். விலை குறைவு, பயிற்சியில் ஒரு குறையும் தெரியவில்லை, தாமதமும் குறைந்தது. முகம் வரும் திட்டத்தை ஏற்காட்டில் விடுதி அறையில் வைத்து ஓட்டிப் பார்த்தேன், சிக்னல் இழுத்துக்கொண்டு படம் அசையவே இல்லை. கீழே ஆய்வகத்தோடு சரி.

ஜூனில் அடுத்த பேட்ச் வருகிறது. குரல் திட்டத்தை மட்டும், அதுவும் மலைக்குப் போவதற்கு முந்தைய இரண்டு மாதத்துக்கு எடுத்தால் போதும் என்று துறைத்தலைவரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். மிச்சமாகும் பணத்தைப் பஸ் வாடகைக்குக் கேட்டிருக்கிறேன், பிள்ளைகள் கள ஆய்வில் எழுதியதை எடுத்துக்கொண்டு அந்த மலை வீடுகளுக்கு இன்னொரு முறை போய்ப் படித்துக் காட்டிவிட்டு வர.